காலை ஆறு முதல் பத்து வரை

அந்த நகரம் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண், தலைநகரம், துறைமுகம், மலைப் பக்கம் என்று வரிசையாக மழையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, நேரம் மிச்சம் இருந்தால் மட்டும் அதன் பெயரைச் சொல்வாள். நேரம் இல்லாத நாட்களில் அங்கே மழையா வெயிலா என்பதை அங்கிருந்த ஆறு லட்சம் பேரும் ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மேயர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஒருவர் அதைத் 'தொழில் நகரம்' என்று அறிவித்தார். பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் பெரிய ஆலைகள் மூன்றும் மூட்டை கட்டிவிட்டன. அடுத்தவர் 'அறிவு நகரம்' என்றார். அறிவு வந்தவர்கள் எல்லோரும் அடுத்த ரயிலிலேயே கிளம்பிப் போனார்கள். இப்போதைய மேயருக்கு அறிவிக்கச் சொல்லே மிச்சம் இல்லாத நேரத்தில்தான் தலைநகரத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது.

நாட்டின் பொருளாதாரம் மாறிக்கொண்டிருக்கிறதாம். இனி ஊர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லையாம். அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு நடுவே தினமும் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு 'பெருநகரப் பகுதி' ஆக்கிவிடுவார்களாம். எந்தப் பக்கம் அதிகம் பேர் வேலைக்குப் போகிறார்களோ அது 'மையம்'. மற்றது 'விளிம்பு'. மையத்துக்கு அகலச் சாலை, விமான நிலையம், வெளிநாட்டு விருந்தாளிகள். விளிம்புக்கு, பின்தங்கிய இடங்கள் இப்போது அனுபவிக்கும் மின்கட்டணச் சலுகை இன்னும் ஆறு வருடம்.

மேயர் 'மையம்' என்ற சொல்வரை படித்தார். அதற்குமேல் படிக்க வேண்டிய அவசியம் அவருக்குத் தெரியவில்லை. நகரத்துக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ராணுவ நிலம். மிச்சம் இருந்த கிழக்கில் ஒரே ஒரு சிற்றூர். முப்பதாயிரம் பேர், ஒரு போக்குவரத்து விளக்கு, அதுவும் மஞ்சளில் நின்றுவிட்டது. ஆறு லட்சம் பேர் இருக்கும் ஊர் மையமா, மஞ்சள் விளக்கு ஊர் மையமா என்று கேட்பதே அவமானம் என்று அவர் கருதினார்.

உடனே தலைநகரத்திலிருந்து ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் முதல் நாளே நகரத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டு, நாலு பக்கமிருந்தும் அம்புக்குறிகளை அதை நோக்கி வரைந்தார். ஏரியிலிருந்துகூட ஓர் அம்பு வந்தது.

"அம்பு ரெடி. நம்பர் மட்டும் வேணும்," என்றார் ஆலோசகர்.

நம்பருக்குப் போக வேண்டிய இடம் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு எதிர் அறை. அங்கே புள்ளிவிவரப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஒரே ஓர் ஆள். இருபத்தாறு வருட சர்வீஸ். டீயில் சர்க்கரை எப்படி என்று கேட்டால், "போன தடவைக்கு இருபது சதவீதம் கூட," என்று பதில் சொல்கிறவர். அதனால் அலுவலகத்திலும் வீட்டிலும் அவர் பெயர் 'சதவீதம்' என்றே ஆகிவிட்டது.

"எப்ப எண்ணலாம்?" என்று கேட்டார் மேயர்.

"ஜனங்க வேலைக்குப் போற நேரத்துல எண்ணணும் சார். காலையில ஆறுலேர்ந்து பத்து."

அந்தக் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் காலையில் வேலைக்கு வந்தவர்கள். அவர்களுடைய அப்பாக்களும் காலையில் வேலைக்குப் போனவர்கள். எனவே மறுத்துப் பேச ஆள் இல்லை.

ஒரு புதன்கிழமை, கிழக்கே போகும் இரண்டு சாலைகளிலும் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வரிப் பிரிவிலிருந்தும் பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்தும் இரவல் வாங்கியவர்கள். நகரத்துக்குள் வரும் பொதுப் பேருந்தையும் காரையும் நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கம்பெனிப் பேருந்துகளை நிறுத்தினால் சாலை அடைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஓடவிட்டு, நிறைந்திருந்தால் பேருந்துக்கு ஐம்பது என்று போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடெல்லாம் சதவீதத்தினுடையது. அவர் அன்று சாலைக்குப் போகவில்லை. எண்களை நேரில் பார்த்து அவருக்குப் பழக்கம் கிடையாது.

மொத்தம் பதினைந்தாயிரத்து நானூறு. அதில் கம்பெனிப் பேருந்து மட்டும் நூற்று அறுபத்தெட்டு.

மேயர் சதவீதத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தாறு வருடத்தில் மூன்று மேயர்களின் கைகள் அந்தப் பக்கம் கழிப்பறைக் கதவைத்தான் தொட்டிருந்தன. "மையம் ஆனதும் நீங்கதான் புள்ளிவிவர இயக்குநர். தனி ரூம். முன்பக்கம்," என்றார்.

ஆலோசகர் எண்ணியவர்களின் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறப்பு இறப்புப் பிரிவு ஆள் கடமை தவறாதவர். கண்ணில் பட்டதை எல்லாம் எழுதியிருந்தார். 'பேருந்து 14: அனைவரும் உறக்கம். பேருந்து 15: அனைவரும் உறக்கம். பேருந்து 16: ஒருவர் விழித்திருக்கிறார், ஓட்டுநர்.'

"பாத்தீங்களா?" என்றார் ஆலோசகர் கண் கலங்க. "தூக்கத்தைத் தியாகம் பண்ணிட்டு இந்த நகரத்துக்கு வேலைக்கு வர்றாங்க. இதை அறிக்கையில முதல் வரியா போடணும்."

போட்டார்கள்.

சதவீதம் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போனதை நடை என்று சொல்ல முடியாது. இயக்குநர் ஒருவர் தரையில் கால் பாவியும் பாவாமலும் போனார்.

வீட்டில் அவர் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சிறிய மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. பெண்கள் முப்பத்தொன்பது பேர். மயிரிழைத் தாமிரக் கம்பியை நானூற்று இருபது சுற்று சுற்றி, வார்னிஷில் முக்கி, ஓவனில் சுட்டு, கடைசியில் அவள் மேசைக்கு அனுப்புவார்கள். அவள் மீட்டர் வைத்துப் பார்ப்பாள். மீட்டர் சரி என்று சொன்னாலும் விடமாட்டாள். காதருகே ஓடவிட்டுக் கேட்டு, "இதுக்குச் சளி பிடிச்சிருக்கு," என்று ஒதுக்கி வைப்பாள். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒதுக்கியது எதுவும் சளி இல்லாமல் இருந்ததில்லை.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல மையம் மையம்னு ஏதோ பண்றீங்களாமே?"

"ஏதோவா? நம்பரே என்னோடதுதான்." சதவீதம் சட்டையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். "இயக்குநர் பதவி வருது."

"வரட்டும். எங்க முதலாளி இன்னிக்கு மிஷினை எல்லாம் டேப் வச்சு அளந்துட்டு இருந்தாரு."

"எதுக்கு?"

"லாரியில ஏறுமான்னு பாக்க."

சதவீதம் எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"மையம் ஆயிட்டா கரண்ட் சலுகை போயிடுமாம். ஓவன் ஓட்டினா கட்டுப்படியாகாதாம். மேற்கே இன்னும் உருப்படாத ஊரா ஒண்ணு பாத்து வச்சிருக்காராம். அறிவிப்பு வந்த மறுநாளே கிளம்பறாராம். எங்க முப்பத்தொன்பது பேருக்கும் ஆளுக்கொரு கடிதாசி குடுப்பாராம், நல்லா வேலை செஞ்சாங்கன்னு." அவள் மற்றக் காலை நீட்டினாள். "கடிதாசியை என்ன பண்றது? ஓவன்லயா சுடறது?"

"இங்க பாரு, மையம் ஆனா புதுப் புது வேலை வரும். சேவைத் துறை. அந்த ஆலோசகரே சொன்னாரு, முப்பது சதவீதம் வளர்ச்சின்னு."

"என்ன வேலை?"

"ஓட்டல்ல, விமான நிலையத்துல... வரவேற்பாளர் மாதிரி."

"நாப்பத்தெட்டு வயசுல நான் கோட்டுப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு சிரிக்கணுமா? உங்களைப் பாத்தே நான் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?"

இதற்கான புள்ளிவிவரம் சதவீதத்திடம் இல்லை.

"நம்பர்னு ஒண்ணு வந்துட்டா நான் என்ன பண்ண முடியும்? உண்மை உண்மைதானே," என்றார்.

"உண்மையா இருந்தா சரி," என்றாள் அவள். ஒரு மோட்டாரைக் காதருகே வைத்துக் கேட்கும் முகம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடி வீட்டிலிருந்த மைத்துனன் வழக்கம்போல வந்தான். மனைவியின் தம்பி. சிற்றூர் எல்லையில், நகரத்தின் வரி கைநீட்டினாலும் எட்டாத தூரத்தில், இணையத்தில் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று பெரிய கிடங்கு கட்டியிருந்தது. நாட்டில் பாதிப் பேர் படுப்பதற்கு முன் எதையாவது வாங்குகிறார்கள். அது விடிவதற்குள் பெட்டியில் ஏற வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவன் அவன். பச்சைச் சட்டை, கழுத்தில் நம்பர் அட்டை. அக்கா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

"மாமா, நேத்து கிழக்கு ரோட்டுல உங்காளு ஒருத்தர் கையில டிக் டிக்னு ஒண்ண வச்சு அமுக்கிட்டு இருந்தாரே, என்ன கூத்து அது?"

"கூத்தா? மாப்ள, அதுதான் இந்த ஊரோட எதிர்காலம். வெளியூர்லேர்ந்து நம்ம ஊருக்கு எத்தனை பேர் வேலைக்கு வர்றாங்கன்னு கணக்கெடுப்பு. நீ எங்க பாத்தே?"

"பஸ்ஸுலேர்ந்து. ஷிப்டு முடிஞ்சு வரும்போது. என் தலை கண்ணாடியில முட்டிச்சு, முழிச்சுப் பாத்தா அவர் எங்களை எண்ணிட்டு இருக்காரு."

சதவீதத்தின் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

"உங்க பஸ்ஸு... கம்பெனி பஸ்ஸா?"

"பின்ன என் சொந்த பஸ்ஸா?"

"எத்தனை பஸ் மாப்ள?"

"அது இருக்கும் நூத்தி அறுபது, நூத்தி எழுபது. ராத்திரி ஷிப்டு மொத்தமும் நம்ம ஊர் ஆளுங்கதான். சாயங்காலம் ஏத்திட்டுப் போவான், காலையில கொண்டாந்து கொட்டிட்டுப் போவான்." அவன் அக்காவைப் பார்த்தான். "என்னக்கா, மாமா முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"கணக்கு வருது," என்றாள் அக்கா.

கணக்கு வந்துவிட்டது. நூற்று அறுபத்தெட்டை ஐம்பதால் பெருக்கினால் எட்டாயிரத்து நானூறு. நகரத்துக்கு வேலைக்கு வருவதாகச் சதவீதம் நாட்டுக்கு அறிவித்திருந்த பதினைந்தாயிரத்து நானூறு பேரில் எட்டாயிரத்து நானூறு பேர், வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் தூங்க வந்தவர்கள். அவரே பெற்றெடுத்த அந்தப் புகழ்பெற்ற நம்பரில் ஒரு தலை, அவர் வீட்டுச் சுவரிலேயே சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப தப்புதானே?" என்றாள் மனைவி. "திருத்திடுங்க. மையம் இல்லைன்னு ஆயிடும். மிஷின் லாரி ஏறாது."

"திருத்தறதா? மேயர் என்னைக் கொன்னுடுவாரு."

"மேயர் ஒருத்தர். நாங்க முப்பத்தொன்பது பேர். சதவீதம் போட்டுப் பாருங்க."

அன்றே சதவீதம் மேயரின் அறைக்குப் போனார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். உரலாகவாவது பிறந்திருக்கலாம் என்று படியேறும்போது அவருக்குத் தோன்றியது.

மேயர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் சிரித்தார். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

"சார், அவங்க ஊருக்குள்ள வர்றாங்களா, இல்லையா?"

"வர்றாங்க. ஆனா தூங்க வர்றாங்க."

"எதுக்கு வர்றாங்கங்கறது தத்துவம் சார். நமக்கு வேண்டியது புள்ளிவிவரம்."

மேயர் எழுந்து வந்து சதவீதத்தின் தோளில் கைபோட்டார். "அண்ணே, நீங்க நேர்மையான மனுஷன். எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் தலைநகரத்துக் குழு வருது. நீங்க கடைசி வரிசையில உக்காருங்க. உங்களை யாராவது கேட்டா, தாராளமா உண்மையைச் சொல்லுங்க. கேக்கலைன்னா, நாமா எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கணும்?"

இருபத்தாறு வருடத்தில் தன்னை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பது சதவீதத்துக்கு நினைவு வந்தது. நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எது எத்தனை சதவீதம் என்று பிரிக்க அவர் முயலவில்லை.

குழு வந்த நாளன்று மன்றக் கூடத்தில் நாற்காலிகளுக்கு எல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். குழுத் தலைவி ஒல்லியான அம்மாள். முன்னால் வைத்த பூங்கொத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். மேயரின் பேச்சு முடிந்தபோது பென்சில் ஊசி மாதிரி ஆகியிருந்தது. ஆலோசகரின் அம்புகள் திரையில் ஒவ்வொன்றாகப் பறந்துவந்து நகரத்தில் குத்தின. 'தூக்கத்தைத் தியாகம் செய்து' என்ற வரி வந்தபோது கவுன்சிலர்கள் கைதட்டினார்கள்.

"ஒரு சந்தேகம்," என்றார் தலைவி. "பக்கத்து ஊர்ல மொத்தம் முப்பதாயிரம் பேர். அதுல வேலை பாக்கறவங்க பதினோராயிரம். ஆனா அங்கேயிருந்து இங்க தினமும் பதினைந்தாயிரத்து நானூறு பேர் வேலைக்கு வர்றாங்க. மிச்ச நாலாயிரத்து நானூறு பேர் யாரு? கைக்குழந்தைங்களா?"

திரையில் ஏரியிலிருந்து வந்த அம்பு அவசரமாக அணைந்தது.

"அதுக்கும் அந்தப் பக்கத்துலேர்ந்து வர்றாங்க மேடம்," என்றார் ஆலோசகர். "நகரத்தோட ஈர்ப்பு விசை அப்படி."

"அந்தப் பக்கம் உப்பளம். நான் அது வழியாத்தான் வந்தேன். எண்ணினது யாரு?"

"எங்க டீம் மேடம்," என்றார் மேயர்.

"டீம்னா அதுல ஓர் ஆளாவது இருப்பாரே?"

கடைசி வரிசையில் சதவீதம் எழுந்தார். எழுந்தார் என்பதைவிட, பக்கத்தில் இருந்த பிறப்பு இறப்புப் பிரிவுக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் நாற்காலி அவரை வெளியே தள்ளியது என்பது சரி.

"எந்த நேரத்துல எண்ணினீங்க?"

"காலையில ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் மேடம்."

"சாயங்காலம்?"

மேயர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இயக்குநர் பதவி இருந்தது, முன்பக்க அறை இருந்தது, மிச்சமிருந்த நாலு வருட சர்வீஸ் ஒழுங்காக முடிவது இருந்தது. எண்ணவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அதுவும் உண்மைதான். மேயர் சொன்னபடி, கேட்டதற்கு மேல் வாயைக் கொடுத்ததாகவும் ஆகாது.

"எண்ணல மேடம்," என்றார் சதவீதம். உட்கார முழங்காலை மடக்கினார். அந்த நேரத்தில் பட்டறையில் முதலாளி டேப்பைச் சுருட்டிக்கொண்டு லாரிக்காரனுக்குப் போன் போடுவது அவர் மனக்கண்ணில் தெரிந்தது. மடக்கிய முழங்கால் நிமிர்ந்தது.

"எண்ணியிருந்தா, காலையில வந்தவங்கள்ல எட்டாயிரத்து நானூறு பேர் சாயங்காலம் கிழக்கே போறது தெரிஞ்சிருக்கும். அவங்க நம்ம ஊர்க்காரங்க. அங்க ஒரு கிடங்கு இருக்கு, அதுல ராத்திரி வேலை. காலையில வீட்டுக்கு வர்றாங்க. நான் அவங்களை வேலைக்கு வர்றவங்கன்னு எண்ணிட்டேன். தப்பு என்னோடது. என் மைத்துனனே அதுல இருக்கான் மேடம்."

"எத்தனாவது பஸ்ஸுல?" என்றார் தலைவி. கேலியா, விசாரணையா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கேக்கல மேடம்."

"கேப்போம். சாயங்காலம் எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்."

மாலை ஆறரைக்கு எல்லைக் கல் பக்கத்தில் மேயர், ஆலோசகர், தலைவி, சதவீதம் நால்வரும் நின்றார்கள். வெள்ளை உறை போட்ட நாற்காலிகள் நாலு வந்திருந்தன. யாரும் உட்காரவில்லை. முதல் பேருந்து போனது. இரண்டாவது போனது. பிறகு இடைவெளியே இல்லை. காலையில் கண்ணாடியில் சாய்ந்து உறங்கிய தலைகள் எல்லாம் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இவங்கல்லாம் உறவுக்காரங்களைப் பாக்கப் போறாங்கன்னு நினைக்கிறேன் மேடம்," என்றார் மேயர்.

"எல்லாரும் பச்சைச் சட்டை போட்டு, கழுத்துல நம்பர் அட்டை மாட்டிக்கிட்டா?"

"ஒத்துமையான ஊர் மேடம்."

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "இதைத் தலைகீழ் ஈர்ப்புன்னு சொல்லலாம். நகரம் தன்னோட ஆற்றலை வெளியே பாய்ச்சுது..."

அப்போது ஒரு பேருந்தின் ஜன்னல் திறந்தது. "மாமா!" என்று ஒரு கை வெளியே ஆடியது. "என்ன மாமா, இன்னிக்கு நீங்களே எண்ண வந்துட்டீங்களா? இந்த பஸ்ஸுல நாப்பத்தொன்பதுதான்! ஒருத்தன் லீவு!"

தலைவி பென்சிலால் ஐம்பதை அடித்து நாற்பத்தொன்பது ஆக்கினார்.

மறுநாளே சதவீதம் ஆவணக் காப்பறைக்கு மாற்றப்பட்டார். அது அடித்தளத்தில் இருந்தது. அங்கே கழிப்பறைகூட இல்லை. மனைவி பரவாயில்லை என்றாள். குழுவின் முடிவு வரும்வரை அவள் தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் லாரி வந்ததா இல்லையா என்பதை மட்டும் சொன்னாள். முதல் வாரம் வரவில்லை. இரண்டாம் வாரம் வந்து, அளவு பார்த்துவிட்டுப் போனது. அன்று அவள் டீ குடிக்காமல் படுத்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. மேயர் அதைக் கவுன்சிலர்கள் முன்னால் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். 'பெருநகரப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது' என்ற இடத்தில் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மேயரும் கைதட்ட வசதியாகக் கடிதத்தை மேசையில் வைத்தார். வைத்த இடத்தில் அடுத்த வரி அவர் கண்ணில் பட்டது. இந்த முறை 'மையம்' என்ற சொல்லுக்கு மேலும் படிக்க வேண்டியிருந்தது.

எல்லையைத் தினமும் வேலைக்காகத் தாண்டுகிறவர்கள் பதினைந்தாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். எனவே பெருநகரப் பகுதி என்பது உறுதி. நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏழாயிரம். நகரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எட்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. எனவே மையம், கிழக்கே உள்ள சிற்றூர். ஆறு லட்சம் பேர் கொண்ட நகரம் அதன் விளிம்பு.

கைதட்டல் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. கடைசி வரிசைக்குச் செய்தி போய்ச்சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விதிப்படி விளிம்பின் தலைவர் மாதம் ஒருமுறை மையத்துக்குப் போய் அதன் தலைவரைச் சந்தித்து ஒருங்கிணைக்க வேண்டும். சிற்றூரின் தலைவருக்கு அலுவலகம் இல்லை. சைக்கிள் கடைதான் இருந்தது. முதல் கூட்டத்துக்கு மேயர் போனபோது அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தாராம். "வாங்க வாங்க, விளிம்பு! அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க," என்றாராம். சுவரில் ஒரு புதிய வரைபடம். எல்லா அம்புகளும் சைக்கிள் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஸ்டூலில் ஏற்கெனவே ஆலோசகர் உட்கார்ந்திருந்தார்.

கடிதம் வந்த அன்று சதவீதம் அடித்தளத்திலிருந்து நேராக வீட்டுக்கு ஓடினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். பட்டறைக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முதலாளி, மேற்கே போகும் இடத்துக்குப் பத்திரம் எழுத, காலையிலிருந்து வக்கீல் வீட்டில்.

"விளிம்பு," என்றார் மூச்சு வாங்க. "நாம விளிம்பு."

"அப்படின்னா நல்லதா கெட்டதா?"

"சலுகை ஆறு வருஷம் இருக்கும். மிஷின் போகாது."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "ஆறு வருஷம் கழிச்சு?" என்றாள்.

"அதுக்குள்ள ஊர் எதுவும் முன்னேறிடாம இருக்கணும்."

"அதை மேயர் பாத்துக்குவாரு." அவள் உள்ளே போய்ப் போனை எடுத்தாள். "அந்தக் கிடங்குல என்னமோ ஆள் இல்லாம பெட்டி ஒட்டற மிஷின் வரப்போகுதுன்னு தம்பி சொன்னான். அப்ப அங்க போற ஆளுங்க குறைஞ்சா?"

"எண்ணிக்கை மாறும். திரும்ப எண்ணுவாங்க. நாம என்னவா ஆவோம்னு சொல்ல முடியாது."

"அவன் என்னவா ஆவான்?"

சதவீதம் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மேலே, ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு மைத்துனன் தூங்கிக்கொண்டிருந்தான். குறட்டை படிவழியாக இறங்கி வந்தது. அவள் ஒரு நிமிடம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். பிறகு போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேசைமேல் வைத்தாள். அந்தப் பக்கம் பட்டறை உணவு இடைவேளை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினார்கள்.

"ஏய், எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்கடி. முடிவு வந்துடுச்சு. நாம மையம் இல்ல. லாரி வராது."

அந்தப் பக்கம் கிளம்பிய கூச்சலில் மேசை அதிர்ந்தது. யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள். யாரோ அழுதார்கள்; வேறு யாரோ அவளைத் திட்டினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, வார்னிஷ் தொட்டிக்காரப் பெண்ணின் குரல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, அப்ப நம்ம ஊரு முன்னேறலையா?"

"இல்லடி. தப்பிச்சுட்டோம்," என்றாள் அவள். "அதுக்காக நாளைக்கு ஷிப்டுக்கு லேட்டா வராதே."